கன்சோலில் உட்காரும் முன்

தொலைதூர ரோபோ அறுவை சிகிச்சைக்குப் பழக வந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு:

1. பக்கத்து அறையிலிருந்து செய்து கை பழகாத ஆபரேஷனை அடுத்த ஊரிலிருந்து தொடாதீர்கள். திறந்து செய்யும் முறையையும் மறக்காதீர்கள். ரோபோ நின்றுபோனால் அதுதான் கைகொடுக்கும்.

2. தாமதம் எங்கே பிறக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். 5ஜி அலை மருத்துவமனைக்கும் கோபுரத்துக்கும் இடையில்தான். அதற்கப்பால் பெரும்பாலும் கண்ணாடியிழை. அதில் ஆயிரம் கிலோமீட்டரைக் கடக்க ஒளிக்கு 5 மில்லிவினாடி போதும். படத்தைச் சுருக்கி விரிப்பதில்தான் நேரம் அதிகம் போகிறது. 2001 செப்டம்பர் 7 அன்று ழாக் மாரெஸ்கோ நியூயார்க்கில் அமர்ந்து, ஸ்திராஸ்பூரில் படுத்திருந்த பெண்ணின் பித்தப்பையை எடுத்தபோது தாமதம் சுமார் 155 மில்லிவினாடி. அதற்கே தனித் தடம் வேண்டியிருந்தது. தாமதம் 200-ஐத் தாண்டினால் கை தடுமாறத் தொடங்கும். அப்போது நகர்த்துங்கள், நிறுத்துங்கள், படம் வந்து சேர்ந்ததைப் பாருங்கள், பிறகு அடுத்த அசைவு.

3. படம் உறைந்தால் கையை எடுத்துவிடுங்கள். ஊகித்து வெட்டக் கூடாது.

4. நோயாளியின் பக்கத்தில் நிற்பவரை வெறும் உதவியாளர் என்று எண்ணாதீர்கள். 2024 ஜூலையில் லுவோ சிங்சுவான் ஷாங்காயிலிருந்து, 5,000 கிலோமீட்டர் தள்ளியிருந்த காஷ்கரில் ஒருவரின் நுரையீரல் கட்டியை அகற்றினார். மார்பில் துளையிட்டுக் கருவிகளை நுழைத்தவர்கள் காஷ்கரில் நின்றவர்கள். நுரையீரல் தமனியின் ஒரு கிளை கிழிந்தால் திரை நொடியில் சிவந்துவிடும். அந்த நேரத்தில் பஞ்சை வைத்து அழுத்தும் கை உங்களுடையதல்ல. அதனால் முதல் நாளே அவரோடு ஒத்திகை பாருங்கள்: யார் அழுத்துவது, யார் ரோபோவின் கைகளைக் கழற்றுவது, எந்தச் சொல்லைச் சொன்னதும் மார்பைத் திறப்பது. அந்தச் சொல்லை அவரும் சொல்லலாம், மயக்க மருத்துவரும் சொல்லலாம். யார் சொன்னாலும் நீங்கள் விலகிவிட வேண்டும்.

5. பெரும்பாலான ரோபோக்களில் தொடுவுணர்வு கிடையாது. தொடக்கத்தில் நான் பல தையல் நூல்களை அறுத்திருக்கிறேன். இழுத்த இழுப்பு எனக்கே தெரியவில்லை. முடிச்சுக்குக் கீழே திசு வெளுக்கிறதா என்று பாருங்கள். இறுக்கம் அங்கே தெரியும்.

6. புற்றுக்கட்டியைக் கிழியாமல் பையிலிட்டு எடுங்கள். இணைப்பு நன்றாக இருக்கும்போதே முடித்துவிட வேண்டும் என்று நிணநீர்க் கணுக்களை விட்டுவிட்டு வராதீர்கள்.

7. யார், எங்கிருந்து செய்கிறார், இணைப்பு அறுந்தால் யார் தொடர்வார் என்று நோயாளியிடம் அவர் மொழியிலேயே சொல்லுங்கள். மூன்றாம் நாள் இரவு காய்ச்சல் கண்டால் அந்த ஊரில் யாரைக் கூப்பிடுவது என்று வீட்டாருக்கு எழுதிக் கொடுங்கள்.