ஒரு யார்டு, ஒரு கேபின்: கணிப்பொறியில் பல லினக்ஸ்

அக்டோபர் 2025-இல் விண்டோஸ் 10-க்கான ஆதரவு நின்ற பிறகு, நம் அன்பர்கள் சிலர் வீட்டுப் பழைய கணிப்பொறியில் லினக்ஸ் குடியேறியிருக்கிறது. கல்லூரிப் பிள்ளைகள் உள்ள வீடானால் ஒன்றோடு நிற்பதில்லை. உபுண்டு, டெபியன், ஆசைக்கு ஃபெடோரா என்று மூன்றாகிவிடும். மூன்றும் ஒரே வட்டில் சண்டையின்றி இருக்கும். சண்டை வருவது வாசலில்தான்.

சுவிட்சைப் போட்டதும் எந்த லினக்ஸை எழுப்புவது என்று கேட்டு எழுப்பும் சிறு நிரலே பூட் லோடர். இன்று பெரும்பாலும் ‘கிரப்’ என்பது அந்த வேலையைச் செய்கிறது. ரயில்வே சிக்னல் பிரிவில் காலம் கழித்த எனக்கு அது யார்டு வாசலில் இருக்கும் பாயிண்டாகவே தெரிகிறது. உள்ளே எத்தனை லைன் இருந்தாலும் பாயிண்டைத் திருப்பும் அதிகாரம் ஒரு கேபினிடம்தான் இருக்கவேண்டும்.

பழைய பயாஸ் முறையில் இந்த நிரலின் முதல் துண்டு வட்டின் முதல் 512 பைட்டுக்குள் அடங்கவேண்டும். இடம் ஒன்றே, ஆகவே கடைசியாக நிறுவிய லினக்ஸ், முன்னவரை எழுப்பிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும். இப்போதைய யூஈஎஃப்ஐ முறையில் வட்டின் ஒரு சிறு பொதுப் பகுதியில் ஆளுக்கொரு கோப்புறை உண்டு. யார் முதலில் என்னும் வரிசை மதர்போர்டின் நினைவகத்தில் இருக்கும். அதைப் பார்க்க ‘ஈஎஃப்ஐபூட்எம்ஜிஆர்’ என்று ஆங்கிலத்தில் சேர்த்துத் தட்டவேண்டும். கடைசி மூன்றெழுத்தை நம்மவர் மறக்கமாட்டார்கள்! ‘பூட்ஆர்டர்’ என்ற வரியில் முதலில் நிற்கும் எண் யாருடையதோ அவரே கேபின்காரர்.

உபுண்டுவும் அதிலிருந்து பிறந்த லினக்ஸ் மின்ட்டும் ‘உபுண்டு’ என்ற ஒரே கோப்புறையில் எழுதுபவை. இரண்டையும் ஒரே வட்டில் வைப்பதை நான் சிபாரிசு செய்வதில்லை.

கேபின் உபுண்டுவிடம் இருக்கிறது என்று கொள்வோம். டெபியனில் புதிய கெர்னல் வந்தால் டெபியன் தன் பட்டியலைத்தான் திருத்தும். உபுண்டுவின் பட்டியலில் பழையதே நிற்கும். உபுண்டுவுக்குள் போய் ‘சூடோ அப்டேட்-கிரப்’ என்று ஒருமுறை கொடுத்தால் தீர்ந்தது. அப்படியும் டெபியன் பட்டியலில் தென்படாவிட்டால் காரணம் இது: 2021-இல் வந்த கிரப் 2.06 முதல், அக்கம்பக்கத்து லினக்ஸைத் தேடும் வேலை பாதுகாப்புக் கருதி நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. ‘ஈடிசி’க்குள் ‘டிஃபால்ட்’, அதற்குள் ‘கிரப்’ என்ற கோப்பில் ‘கிரப்_டிஸேபிள்_ஓஎஸ்_புரோபர்=ஃபால்ஸ்’ என்று எழுதி, மேற்சொன்ன ஆணையை மறுபடி கொடுங்கள். ‘தடுக்காதே’ என்பதற்கு ‘தடு என்பது பொய்’ என்று எழுதச் சொல்கிறார்கள். எங்கள் ரயில்வே விதிப்புத்தகம் எவ்வளவோ தேவலை.

உண்மையான ஆபத்து, ஒரு லினக்ஸை அழிக்கும்போது. தெரிந்த குடும்பம் ஒன்றில், இடம் போதவில்லையென்று பிள்ளை உபுண்டு இருந்த பகுதியை அழித்துவிட்டான். அடுத்த முறை கறுப்புத் திரையில் ‘கிரப்’ என்ற சொல் மட்டும் மின்னிற்று. கடைக்காரர் எல்லாம் போயிற்று, ஃபார்மேட் செய்யவேண்டும் என்றார். போனது கேபின் மட்டுமே. காலமான பாட்டியின் படங்கள் அத்தனையும் டெபியன் பகுதியில் அப்படியே இருந்தன. இயக்கும்போது எஃப்12-ஐத் (சில கம்பெனிகளில் வேறு விசை) தட்டி, வந்த பட்டியலில் டெபியனைத் தேர்ந்ததும் வண்டி புறப்பட்டது.

ஆகவே அழிக்குமுன் கேபின் யாரிடம் என்று பாருங்கள். அழியப்போகிறவரிடம் இருந்தால், தங்கப்போகிற லினக்ஸுக்குள் போய் முதலில் ‘கிரப்-இன்ஸ்டால்’, பிறகு ‘அப்டேட்-கிரப்’. பயாஸ் கணிப்பொறியானால் முதல் ஆணையோடு வட்டின் பெயரையும் தரவேண்டும். இவை உபுண்டு, டெபியன் வகைக்கு. ஃபெடோராவுக்கு ஆணைகள் வேறு. ஒருமுறை அணைத்துப் போட்டு, புதியவரின் பட்டியல் வருகிறதா என்று பார்த்த பிறகே பழையதில் கை வையுங்கள்.

பயாஸ் கணிப்பொறியில் கேபின் ஏற்கெனவே போயிருந்தால் எஃப்12 உதவாது. லைவ் லினக்ஸ் ஏற்றிய யுஎஸ்பி குச்சியால் இயக்கி, முதலில் படங்களை வேறிடத்துக்கு நகலெடுங்கள். கிரப்பை அதன்பிறகு நிறுவலாம். அந்தக் குச்சியை இன்றே தயாரித்துப் பெயர் ஒட்டி மேசை இழுப்பறையில் போட்டு வையுங்கள். 8 ஜிபி போதும்.