ஆலிவ் சக்கையில் பீனால்களை இனங்காணும் முறை

ஆலிவ் பழத்துக்குக் கசப்பையும் காரலையும் தரும் பீனால் சேர்மங்கள் எண்ணெயைவிட நீரிலேயே எளிதில் கரைவதால், ஆலையில் எண்ணெயோடு செல்வது ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பங்குதான்; எஞ்சியவை கழிவில் தங்கிவிடுகின்றன. ஸ்பெயினின் ஹாயென் போன்ற வட்டாரங்களில், 1990களில் பரவிய இருகூறு பிரிப்பு முறையில், சக்கையும் பழநீரும் ஒன்றாகி ‘அல்பெருஹோ’ எனும் ஈரச்சக்கையாக வெளியேறுகின்றன.

முதற்பணி மாதிரி எடுத்தல். பிழைகளில் பெரும்பகுதி நேர்வதும் இங்கேதான். பழம் நசுங்கும்போதே நொதிகள் ஒலியூரோபீன் என்னும் கசப்புப் பொருளைச் சிதைக்கத் தொடங்குகின்றன. சக்கை தேங்கிக் கிடந்தால் அச்சிதைவில் பிறக்கும் ஹைட்ராக்சிடைரோசால் பெருகக்கூடும். எனவே, மாதிரியை உடனே உறையவைத்து, வெற்றிடத்தில் ஈரம் நீக்கி உலர்த்துவதோடு, எடுத்த நேரத்தையும் குறித்துவைக்க வேண்டும்.

அடுத்து, உலர்தூளை ஹெக்சேனில் கலக்கி எஞ்சிய எண்ணெயைக் களைந்து, 80 பங்கு மெத்தனாலும் 20 பங்கு நீரும் சேர்ந்த கரைப்பானில் சாறு இறக்கி, 0.45 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடிக்கலாம். சாறு உணவுக்கு எனில் மெத்தனால் ஆகாது, எத்தனாலே தகும்.

ஃபோலின் வினைப்பொருளைச் சேர்த்து, தோன்றும் நீல நிறத்தை 765 நானோமீட்டரில் அளப்பது மலிவான வழி. ஆயினும் சில சர்க்கரைகளும் அந்நிறத்தைத் தருவதால், அது பீனால்களின் உத்தேச மொத்த அளவைச் சொல்லுமே தவிர எந்தச் சேர்மம் என்று சொல்லாது.

இனங்காண்பதற்கு உயர்திறன் நீர்ம வண்ணப்பிரிகை தேவை. அமில நீரும் அசிட்டோநைட்ரைலும் சாற்றைச் சி-18 குழல் வழியே தள்ள, ஹைட்ராக்சிடைரோசால், டைரோசால், வெர்பாஸ்கோசைடு, ஒலியூரோபீன் என ஒவ்வொன்றும் தனித்தனி நேரத்தில் வெளிவந்து, 280 நானோமீட்டரில் முகடாகப் பதிகிறது. எதிர்மின் அயனி நிறைமானியில் இவை முறையே 153, 137, 623, 539 என்னும் நிறை-மின்னூட்ட விகிதங்களைக் காட்டும். வெர்பாஸ்கோசைடுக்கும் அதன் மாற்றியத்துக்கும் நிறை ஒன்றே ஆதலால் இந்த எண்களை மட்டும் நம்பலாகாது. தூய சேர்மத்தைச் சிறிதளவு சாற்றில் கலந்து மீண்டும் செலுத்தும்போது, பழைய முகடு பக்கத்தில் பிதுங்காமல் அப்படியே உயர்ந்தால்தான் ஐயம் பெரிதும் நீங்கும்.

சக்கையில் பீனால்களோடு சேர்ந்து வரும், பழத்தோலிலுள்ள மாஸ்லினிக் அமிலம் பீனால் அன்று. 280இல் அது புலப்படாது. அதற்கென்று தனிச்சாறு எடுத்து 210 நானோமீட்டரில் தேட வேண்டும்.