வலிக்காத முறிவு

இம்மாதப் பாடத்திற்கு ஒரு மனிதருடைய பாதத்தை எடுத்துக்கொள்வோம்.

அவர் திருத்தணிப் பக்கத்து நெசவுத் தொழிலாளி. ஐம்பது வயதைத் தாண்டியவர். இளவயதில் தொழுநோய் கண்டு, மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிட்டு நோய் நீங்கப்பெற்றவர். ஆடிக் கிருத்திகையன்று உறவினரோடு மலையின் 365 படிகளையும் ஏறி இறங்கினார். இரவில் இடதுகால் வீங்கியிருந்தது. வலி இல்லாதபடியால் அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. தினமும் தறிக்கு நடந்துபோய் வந்தார். எங்களிடம் வந்தபோது மாதங்கள் கடந்திருந்தன. உள்ளங்காலின் குழிவு மறைந்து, ஓடத்தின் அடிபோல் வெளியே பிதுங்கி, அதன் நடுவே ஒரு புண்ணும் இருந்தது. பாத எலும்புகள் முறிந்து, கோணலாகவே ஒட்டிக்கொண்டிருப்பதை எக்ஸ்ரே காட்டியது.

"கால் உடைந்தால் உங்கள் ஊரில் என்ன செய்வார்கள்?" என்று கேட்டோம்.

"புத்தூருக்குக் கட்டுப் போடப் போவோம், ஐயா. வலிச்சிருந்தா மறுநாளே பஸ் ஏறியிருப்பேனே" என்றார்.

இந்த நோயின் முழு விவரமும் அந்தப் பதிலில் இருக்கிறது.

கோணல் எப்படி வருகிறது?

நல்ல காலில் எலும்பு முறிந்தால் வலி நம்மைப் படுக்கவைக்கிறது. அசையாமல் இருப்பதால் எலும்பு கூடுகிறது. தொழுநோய்க் கிருமி நரம்புகளைத் தாக்குகிறது. கணுக்காலின் உட்புறமாக இறங்கும் நரம்பு கெட்டால் உள்ளங்கால் உணர்விழக்கிறது. மருந்து கிருமியைக் கொல்லும். ஆனால் வெகுநாளாகச் செத்துப்போன நரம்பை உயிர்ப்பிக்காது. ஆகையால் நோய் தீர்ந்து பல ஆண்டுகளுக்குப் பின்னும் ஆபத்து நீங்குவதில்லை. சிறு முறிவின்மேல் மனிதர் நடந்துகொண்டே இருக்கிறார். உடலின் முழுப் பாரமும் முறிந்த துண்டுகளை இடம்பெயரச் செய்கிறது. எலும்பு கூடத்தான் செய்கிறது, ஆனால் இடம் மாறிய நிலையிலேயே கூடுகிறது. பிறகு பாரம் தாங்காத இடத்தில் பாரம் விழுகிறது; தோல் கிழிந்து புண்ணாகிறது; புண் எலும்புவரை போனால் காலையே எடுக்க நேரிடுகிறது.

வேலூர் கற்றுத்தந்தது

கொல்லிமலையில் மிஷனெரிப் பெற்றோருக்கு 1914-ல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயினால் அழுகி விழுகின்றன என்று அக்காலத்தில் நம்பப்பட்டது. உணர்வில்லாத கைகால்களில் படும் காயங்களும், கவனியாமல் விடப்படும் புண்களுமே பெரும் அழிவுக்குக் காரணம் என்று அவரும் அவருடைய உடன் ஊழியரும் எடுத்துக்காட்டினார்கள். 1955-ல் தொடங்கிய காரிகிரி ஷெஃப்லின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையத்தில் இந்த வேலை மேலும் வளர்ந்தது. 1966-ல் ஹாரிஸ் என்பவரும் பிராண்டும் சேர்ந்து, உணர்வற்ற பாதத்தின் எலும்புகள் சிதையும் விதங்களை ஐந்தாகப் பிரித்து எழுதினார்கள். அதைத் தொடக்கத்திலேயே கண்டுபிடித்து அசையாமல் வைத்தால் பாதத்தைக் காப்பாற்றலாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது? வலி சொல்லாததைச் சூடு சொல்லும். புறங்கையை இரண்டு பாதங்களின்மேலும் மாறிமாறி வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று மற்றதைவிடச் சூடாகவும் வீக்கமாகவும் இருந்தால், எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாவிட்டாலும் நடக்கக் கூடாது. பாதத்தோடு ஒட்டியமைந்த மாவுக்கட்டுப் போட்டு, சூடு தணியும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பின்பு சிறிது சிறிதாக நடை பழக வேண்டும்.

கோணலாய்ப் பொருந்திய பாதத்தைப் பழையபடி நேராக்குவது அரிது. துருத்தும் எலும்பைச் செதுக்கவோ மூட்டுகளை இணைக்கவோ சிலருக்கு அறுவைச் சிகிச்சை உதவும். அநேகருக்கு உதவுவது, பாதத்தின் அச்சுக்கேற்ப மிருதுவான எம்.சி.ஆர். ரப்பரில் செய்த செருப்புதான். நம் நெசவாளிக்குப் புண் ஆறியது, கால் தப்பியது, கோணல் நீங்கவில்லை. இப்போது அப்படிப்பட்ட செருப்போடு தறிக்குப் போகிறார். "அடுத்த ஆடிக்குப் படியேறலாமா, ஐயா?" என்று கேட்டார். "படி வேண்டாம். மேலே வண்டி போகும் பாதை இருக்கிறதே, அதில் போங்கள்" என்றோம்.

இது நமக்கும் உரியது

இந்தியாவில் தொழுநோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையைக் கடந்துவிட்டதாக 2005-ன் முடிவில் அறிவிக்கப்பட்டது. ஆயினும் 2022-ல் நம் நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட புதிய நோயாளிகள் கண்டறியப்பட்டார்கள். தொடக்கத்தில் வந்தால் நரம்பைக் காக்க முடியும். உணர்வற்ற தேமலைக் கண்டால் யாரும் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம், மருந்து இலவசம்.

சர்க்கரை நோயும் பாதத்தை இவ்விதமே மரத்துப்போகச் செய்து, இதே முறிவையும் இதே கோணலையும் உண்டாக்குகிறது. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி நம் நாட்டில் சர்க்கரை நோயுள்ளவர்கள் சுமார் 10 கோடிப் பேர். இதை வாசிக்கும் நம்மில் பலர் அந்தக் கணக்கில் உண்டு. ஆகவே இன்றிரவு ஜெபத்திற்குப் பின் உங்கள் பாதங்களைத் தொட்டுப் பாருங்கள். வீட்டிலுள்ள பெரியவர்களின் பாதங்களையும் பாருங்கள். வலியில்லாத வீக்கமும் சூடும் இருந்தால் காலைத் தரையில் ஊன்றாமல் மருத்துவரிடம் போங்கள்.

எபிரெயர் 12:13-ஐ வாசித்துப் பாருங்கள். முடமானது இன்னும் பிசகிவிடாதபடி, பாதைகளைச் சீராக்கும்படி அங்கே சொல்லப்படுகிறது. பாதையைச் சரிசெய்யும் பொறுப்பு முடவனுக்கு மட்டும் உரியதல்ல என்று நாங்கள் அதை வாசிக்கிறோம். அளவெடுத்துச் செய்த ஒரு செருப்பு, கூடவே வரும் பாதை. அன்பானவர்களே, உங்கள் காணிக்கையில் ஒரு பகுதி அப்படிப்பட்ட பாதையாக இன்று ஒரு நெசவாளியின் காலின்கீழ் நடக்கிறது.