இடமா, வலமா? தடுமாறுவோர்க்கும் அவர்களைப் பேணுவோர்க்கும்

கண்புரை அறுவை முடிந்து மூன்றாம் நாள். தாயார் நாற்காலியில் சாய்ந்து அமர்ந்திருக்கிறார். மகள் எதிரே நின்று சொட்டு மருந்துக் குப்பியைத் திறக்கிறார். மருந்துச் சீட்டில் ‘இடது கண்’ என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. ஆனால், மகளின் இடக்கைக்கு நேரே இருப்பதோ தாயாரின் வலக்கண். கை தானாகவே அங்கே செல்கிறது. “அது இல்லையம்மா, இந்தக் கண்” என்று தாயார் தடுத்திராவிட்டால், அறுவை செய்த கண்ணுக்கு அன்று ஒரு வேளை மருந்து கிடைத்திராது.

இத்தகைய நிகழ்ச்சியைச் சொல்ல வருபவர்கள் பெரும்பாலும் தலைகுனிந்தே சொல்கின்றனர். “படித்திருந்தும் எனக்கு இடது வலது தெரியாது” என்று வருந்துவோரைப் புறநோயாளர் பிரிவில் அடிக்கடி காண்கிறோம். அவர்களுள் ஆசிரியர்கள் உண்டு, கணக்கர்கள் உண்டு, மருத்துவர்களும் உண்டு. இக்கட்டுரையை எழுதுபவனே, ‘வலப்புறம் திரும்புக’ என்று யாரேனும் சொன்னால், ஒரு நொடி தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொள்பவன்தான். நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், உடல்நலமுள்ளவர்களுள் ஏறத்தாழ ஏழில் ஒருவர், இடவலம் பிரித்தறியும் திறன் தமக்குப் போதவில்லை என்று தாமே கூறினர். ஆகவே, இது அறிவுக் குறைவும் அன்று, கவனக் குறைவும் அன்று.

மேல், கீழ் என்பவற்றில் நாம் தடுமாறுவதில்லை. கையிலிருந்து நழுவும் பொருள் எந்தப் பக்கம் விழும் என்பதை உலகமே நமக்குச் சொல்லிவிடுகிறது. முன், பின் என்பவற்றிலும் ஐயமில்லை; முகம் இருக்கும் பக்கம் முன். இடத்திற்கும் வலத்திற்கும் அத்தகைய சான்று எதுவும் இல்லை. உடலின் இரு பாதிகளும் வெளித்தோற்றத்தில் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன. ஒரு பாதிக்கு ஒரு சொல்லையும் மறுபாதிக்கு மற்றொரு சொல்லையும் மூளை ஒட்டவைத்து நினைவில் கொள்ள வேண்டும். தேவைப்படும்போது உடனே எடுத்துத் தரவும் வேண்டும். தடுமாறுவோர் பலருக்கு உடலின் பக்கங்கள் நன்றாகத் தெரியும். சொல்தான் நேரத்தில் வந்து சேர்வதில்லை.

குழந்தைகள் ஏறத்தாழ ஆறு, ஏழு வயதில் தம் உடலின் இடவலத்தை அறிந்துகொள்கின்றனர். எதிரே நிற்பவரின் இடவலத்தைச் சொல்ல மேலும் சில ஆண்டுகள் ஆகும். ஏனெனில், அதற்கு மனத்திற்குள் தம்மையே திருப்பி அவர் இடத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது. பெரியவர்களும் பெரிதும் பிழைபடுவது இவ்விடத்தில்தான். அர்த்தநாரீசுவரர் திருவுருவில் உமையம்மை இடப்பாகத்தில் இருக்கிறார் என்பதை எல்லோரும் அறிவோம். ஆயினும் சந்நிதியில் நின்று வணங்குபவருக்கு அம்மை தோன்றுவது அவருடைய வலக்கைப் பக்கத்தில். மார்பு எக்ஸ்ரே படமும் இப்படித்தான். நோயாளி நம்மை நோக்கி நிற்பதாகக் கொண்டே அதை மாட்டுவர். படத்தின் இடப்பக்கத்தில் நாம் காண்பது நோயாளியின் வலப்பக்கம். மருத்துவமனையில் யார் ‘இடது’ என்று சொன்னாலும் அது நோயாளியின் இடது. பார்ப்பவரின் இடது அன்று. இந்த ஒரு வழக்கத்தை அறிந்துகொண்டாலே பாதிக் குழப்பம் தீரும்.

நோயின் அறிகுறியாக வரும்போது

பிறவி முதல் இருந்துவரும் தடுமாற்றத்திற்கு மருந்தோ சோதனையோ வேண்டியதில்லை. ஆனால், நேற்றுவரை இடவலம் நன்கறிந்திருந்த ஒருவர் திடீரென்று தடுமாறத் தொடங்கினால் அது வேறு செய்தி. அத்துடன் வாய் ஒருபுறம் கோணுதல், ஒரு கை தளர்ந்து தொங்குதல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றுள் ஒன்று காணப்பட்டாலும் பக்கவாதம் என்றே கருதி, 108க்கு அழைத்து உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை, அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்திற்குள் கொடுப்பதே வழக்கம். ‘காலையில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று காத்திருப்பது அந்த வாய்ப்பை இழக்கச் செய்யும்.

1924ஆம் ஆண்டில் வியன்னாவைச் சேர்ந்த நரம்பியல் மருத்துவர் யோசப் கெர்ஸ்ட்மன், தம் விரல்களையே இன்ன விரல் என்று அறிய இயலாத ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். விரலறியாமை, இடவலம் அறியாமை, எழுத இயலாமை, கணக்கிட இயலாமை என்ற நான்கும் சேர்ந்து வருவதை இன்று அவர் பெயராலேயே குறிக்கின்றோம். பெரும்பாலும் மூளையின் இடப்பாதியில், காதுக்குச் சற்று மேலே பின்புறமாக உள்ள பகுதி பாதிக்கப்படும்போது இந்நிலை தோன்றுகிறது.

இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாத மற்றொரு நிலையும் உண்டு. மூளையின் வலப்பாதியில் பக்கவாதம் ஏற்பட்ட சிலர் தம் இடப்புற உலகையே கவனிப்பதில்லை. தட்டின் வலப்பாதியிலுள்ள சோற்றை மட்டும் உண்டுவிட்டு, ‘இன்னும் கொஞ்சம் போடுங்கள்’ என்பர். முகத்தின் ஒரு பாதியை மட்டும் மழித்துக்கொள்வர். இடப்பக்கத்தில் அமர்ந்திருக்கும் மனைவியை ‘எங்கே போனாய்?’ என்று கேட்பர். ‘வேண்டுமென்றே செய்கிறார்’ என்று குடும்பத்தார் கருதிவிடுவது பெருந்துயரம். இவர்களுக்குப் பார்வை இருக்கலாம், சொல்லும் தெரிந்திருக்கலாம். கவனம் அப்பக்கம் செல்வதில்லை. தட்டின் இடவிளிம்பில் சிவப்பு நாடா ஒட்டி, அதைத் தேடிப் பார்க்குமாறு பழக்கலாம். பேசும்போதும் பயிற்சியின்போதும் இடப்பக்கமாக அமர்ந்து அவர் கவனத்தை அங்கே ஈர்க்கலாம். எனினும், அழைப்பு மணியும் குடிநீரும் அவர் கவனிக்கும் வலப்பக்கத்திலேயே இருக்கட்டும். அவை பயிற்சிக்குரியவை அல்ல.

கைகொடுக்கும் குறிகள்

நம் முன்னோர் இச்சிக்கலை அறியாதவர்கள் அல்லர். ‘சோற்றாங்கை’ என்ற சொல்லே ஒரு குறிதான்: உண்ணும் கை வலக்கை. அடுத்த கவளத்தை எடுப்பதாக எண்ணினாலே உரிய கை தானாக அசையும். எழுதும் கையைக் குறியாகக் கொள்வதும் உண்டு. ஆனால், நம் வீடுகளில் இடக்கையால் எழுதும் பிள்ளையையும் வலக்கையால் உண்ணவே பழக்குகின்றோம். அப்பிள்ளைக்கு ‘எழுதும் கை வலது’ என்று சொல்லிக்கொடுத்தால் வாழ்நாள் முழுதும் குழப்பமே எஞ்சும்.

தமிழ் எழுத்தறிந்தோர்க்கு மற்றொரு எளிய வழி உண்டு. இரு கைகளின் புறங்கைகளும் உங்களை நோக்கியிருக்குமாறு முன்னே நீட்டுங்கள். சுட்டுவிரலை நிமிர்த்தி, கட்டைவிரலைப் பக்கவாட்டில் விரித்து, மற்ற விரல்களை மடக்குங்கள். இரு கைகளுள் ஒன்றில்தான் ‘ட’ என்னும் எழுத்து நேராகத் தோன்றும். அதுவே ‘இடது’ கை. அச்சொல்லின் நடுவிலும் அந்த எழுத்தே இருக்கிறது. எழுத்துகளின் வடிவமே தலைகீழாகவும் மாறியும் தோன்றுவோர்க்கு இது உதவாது. அவர்களுக்குத் தொட்டுணரும் குறியே நன்று: ஒரு கையில் மோதிரம், ஒரு மணிக்கட்டில் கயிறு, பழைய தழும்பு, மச்சம்.

வழி சொல்லும்போது ‘ஓட்டுநர் பக்கம்’, ‘பேருந்தில் ஏறும் பக்கம்’ என்றால் நம் நாட்டில் யாரும் தவறுவதில்லை. முன்னது வலம், பின்னது இடம். சிற்றூர்களில் ‘கொஞ்சம் கிழக்கே தள்ளி உட்காருங்கள்’ என்று திசை சொல்லிப் பேசும் பெரியவர்கள் இன்றும் இருக்கின்றனர். அவர்களுக்கு வீட்டில் எந்தத் தடுமாற்றமும் இராது. நான்காம் மாடி வார்டில், சன்னலுக்குத் திரையிட்ட அறையில், திசையும் தெரியாமல் ‘லெஃப்ட் சைடு படுங்க’ என்ற கட்டளையைக் கேட்டால் அவர்கள் விழிப்பதில் வியப்பில்லை. கிழக்கு எது என்று ஒருமுறை காட்டிவிடுங்கள், போதும்.

எந்தக் குறியாயினும் பரபரப்பில் தவறக்கூடும். வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டிலுள்ள குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வில், இடவலம் தீர்மானிக்கும் வேளையில் குறுக்கே பேச்சுக் கொடுத்தபோது பிழைகள் மிகுந்தன. சொட்டு மருந்து விடும்போது தொலைபேசியை எடுக்காதிருப்பதற்கு இதுவே போதிய காரணம்.

பேணுவோர் செய்யத்தக்கவை

கண்ணுக்கு மருந்து விடும்போது எதிரே நின்று முடிவு செய்யாதீர்கள். முதலில் நோயாளியின் பின்னால் நில்லுங்கள். அப்போது அவர் இடமும் உங்கள் இடமும் ஒன்றே. உரிய பக்கத்துத் தோளில் கைவைத்து, அக்கையை எடுக்காமலே முன்னே வாருங்கள். கை இருக்கும் பக்கத்துக் கண்ணே மருந்துக்குரிய கண். இரு கண்களுக்கும் வெவ்வேறு மருந்து இருப்பின், ஒரு குப்பிக்கு மட்டும் ரப்பர் வளையம் மாட்டி, அது எந்தக் கண்ணுக்கு என்பதைச் செவிலியர் முன்னிலையில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

இயன்முறைப் பயிற்சியில் இடம், வலம் என்னும் சொற்களையே கைவிட்டுவிடலாம். ‘நல்ல கால், நோவுள்ள கால்’ என்பதே போதும். கைத்தடி நல்ல காலின் பக்கத்துக் கையில் இருக்க வேண்டும். தடியும் நோவுள்ள காலும் சேர்ந்து முன்னே செல்லும். படியேறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது நோவுள்ள கால் முதலில். பலர் நோவுள்ள பக்கத்திலேயே தடியை ஊன்றிக்கொள்கின்றனர். இது இயல்பாகத் தோன்றினாலும், உடலின் எடை நோவுள்ள காலின் மேலேயே சாய்ந்து விழுந்துவிட இடம் தரும்.

‘ரைட்’ என்ற சொல்லைப் பற்றி ஓர் எச்சரிக்கை. “இடது கண்தானே, சிஸ்டர்?” என்று கேட்டால், “ரைட், ரைட்” என்று மறுமொழி வரக்கூடும். அது ‘சரி’ என்பதா, ‘வலது’ என்பதா? எங்கள் ஊழியர்களிடம் இச்சொல்லைத் தவிர்க்குமாறு சொல்லிவருகிறோம். ஆயினும் பழக்கம் எளிதில் போவதில்லை. ஐயம் எழுந்தால், “தொட்டுக் காட்டுங்கள்” என்று தயங்காமல் கேளுங்கள்.

அறுவைக்கு முன்னர் மோதிரம், கடிகாரம், கயிறு யாவற்றையும் கழற்றிவிடுவர். குறிகளை நம்பி வாழ்பவர், அவை மிகவும் தேவைப்படும் வேளையில் அவற்றை இழந்து நிற்கிறார். ஆகையால் ‘எந்தப் பக்கம்?’ என்ற கேள்விக்குச் சொல்லால் மட்டும் விடை தராமல், அவ்வுறுப்பைக் கையால் தொட்டுக் காட்டுங்கள். மயக்க மருந்து தருவதற்கு முன்பு, நீங்கள் விழித்திருக்கும்போதே, அறுவை செய்யும் இடத்தில் மருத்துவர் தோலின்மேல் மையால் குறியிடுவார். அது சரியான பக்கமா என்று நீங்களும் பாருங்கள். உடன் வந்தவரும் பார்க்கட்டும். ஒரே கேள்வியை வரவேற்பறையிலும் வார்டிலும் அறுவை அரங்கின் வாயிலிலும் மீண்டும் மீண்டும் கேட்பதைக் கண்டு, ‘இவர்களுக்கு ஒன்றுமே தெரியாதா?’ என்று சினம் கொள்ள வேண்டாம். தெரிந்துகொண்டேதான் கேட்கிறார்கள்.

டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கு ஃபிஸ்டுலா அமைத்த கையில் இரத்த அழுத்தம் பார்க்கவோ, பிற தேவைகளுக்கு ஊசி குத்தவோ கூடாது. புதிய செவிலியர் வரும்போது ‘இடக்கை வேண்டாம்’ என்று சொல்வதைவிட, அக்கையை உயர்த்திக் காட்டி, ‘இந்தக் கை வேண்டாம்’ என்று சொல்லுங்கள். மருத்துவமனைக்குள் வந்தவுடன், “எனக்கு இடவலம் தடுமாறும்” என்று தெரிவித்துவிட்டால், அதைக் கோப்பின் முதற்பக்கத்தில் எழுதிவைப்போம்.