இணைய தளம் சொல்வதை எல்லாம் நம்பலாமா?

கம்ப்யூட்டர் வாங்கி இணைய இணைப்பும் பெற்றுவிட்டால், எந்தக் கேள்விக்கும் சில நொடிகளில் பதில் கிடைத்துவிடுகிறது. ஆனால், யார் வேண்டுமானாலும் ஒரு பெயரைப் பதிவு செய்து தளம் அமைத்திடலாம். எழுதியதை யாரும் சரி பார்த்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எனவே அந்த வேலை நம் தலையில்தான் விழுகிறது. என்னிடம் கம்ப்யூட்டர் கற்க வருபவர்களுக்கு நான் சொல்லித் தரும் வழிகளை இங்கே தருகிறேன்.

முதலில், தோற்றத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அமெரிக்க மழைக்காடுகளில் மரத்தில் வாழும் ஆக்டோபஸ் அழிந்து வருகிறது எனக் கூறும் தளம் ஒன்று 1998ல் தொடங்கப்பட்டது. படங்கள், விளக்கங்கள் எல்லாம் உண்டு. அத்தனையும் வேடிக்கைக்காகச் செய்தவை! 2000களின் நடுவில் கனெக்டிகட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதனை 7ஆம் வகுப்பு மாணவர்களிடம் காட்டியபோது, பெரும்பாலோர் உண்மை என்றே நம்பினர்.

பெரியவர்களும் விதிவிலக்கல்ல. டைஹைட்ரஜன் மோனாக்சைடு என்ற "ஆபத்தான" ரசாயனம் பற்றி ஒரு தளம் எச்சரித்தது. அதை நம்பி, 2004ல் கலிஃபோர்னியாவின் அலிசோ வியேஹோ நகர மன்றம், அந்த ரசாயனம் பயன்படுவதால் தெர்மோகோல் கப்களுக்குத் தடை விதிப்பதைத் தன் கூட்ட நிகழ்ச்சி நிரலில் சேர்த்தது. பின்னர் உண்மை தெரிந்து நீக்கியது. இரண்டு ஹைட்ரஜன், ஒரு ஆக்ஸிஜன் சேர்ந்தது என்ன? தண்ணீர்தான்!

சரி, எப்படிச் சோதிப்பது?

1. முகவரியைப் படியுங்கள்: தளப் பெயரின் கடைசிப் பகுதியைக் கவனியுங்கள். டாட் ஜிஓவி டாட் இன் என முடிபவை இந்திய அரசு அமைப்புகளுக்கு உரியவை. டாட் ஏசி டாட் இன் கல்வி நிறுவனங்களுக்கானது. டாட் காம், டாட் ஓஆர்ஜி ஆகியவற்றை யாரும் வாங்கலாம். நடுவில் ஜிஓவி என்று வந்து, முடிவில் டாட் காம் இருந்தால் அது அரசுத் தளம் அல்ல.

2. பூட்டுப் படத்தை நம்பாதீர்கள்: நமக்கும் தளத்திற்கும் இடையே செல்லும் தகவலை வழியில் யாரும் படிக்க முடியாது என்பதே அதன் பொருள். தளம் நடத்துபவர் நேர்மையானவர் என்பதல்ல. இந்தத் தவறான எண்ணம் பரவியதால்தான் குரோம் பிரவுசர் 2023ல் முகவரிக் கட்டத்தில் பூட்டுக்குப் பதிலாக வேறு ஐகானை வைத்தது.

3. யார், எப்போது, எதற்காக: எழுதியவர் பெயர், தேதி, நடத்தும் அமைப்பு பற்றிய பக்கம் ஆகியவற்றைத் தேடுங்கள். ஏதாவது விற்கிறார்களா என்றும் பாருங்கள்.

4. தளத்தை விட்டு வெளியே வாருங்கள்: இதுதான் மிக முக்கியம். தன்னைப் பற்றித் தளம் நல்லதாகவே சொல்லும். புதிய டேபைத் திறந்து, தளத்தின் பெயரைத் தேடி, மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் எனப் படியுங்கள். ஒரு வாக்கியத்தை மேற்கோள் குறிகளுக்குள் கொடுத்தும் தேடிடலாம். அதே வாக்கியம் பத்து தளங்களில் இருந்தால், அவை பத்து சாட்சிகள் அல்ல. பெரும்பாலும் ஒன்றைப் பார்த்து மற்றவை காப்பி அடித்தவை.

அண்மையில் என் பக்கத்து வீட்டுப் பெரியவர், சர்க்கரை மாத்திரையே வேண்டாம் எனக் கூறிய ஒரு பக்கத்தை என்னிடம் காட்டினார். இருவரும் அடி வரை சென்று பார்த்தோம். எழுதியவர் பெயர் இல்லை, தேதி இல்லை. கடைசியில் ஒரு மூலிகைப் பொடியை வாங்குவதற்கான பட்டன் மட்டும் இருந்தது. "டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீங்க ஐயா" என்றேன். சினிமாச் செய்தி தவறாக இருந்தால் நஷ்டமில்லை. மருந்து, பணம், பிள்ளைகளின் படிப்பு என்றால் இந்த நான்கையும் கட்டாயம் பாருங்கள்.

ஒரு பயிற்சி செய்து பார்க்கலாமா? நீங்கள் அடிக்கடி செல்லும் தளம் ஒன்றைத் திறந்து, அதை யார் நடத்துகிறார்கள் எனக் கண்டுபிடியுங்கள். ஐந்து நிமிடங்களில் விடை கிடைக்காவிட்டால், அதன் தகவலை வேறிடத்தில் உறுதி செய்த பின்னரே பயன்படுத்துங்கள்.