டிராக்டர் காலையில் கிளம்ப மறுக்கிறதா? புகையைப் பாருங்கள்!

மானாவாரி நிலக்கடலை விதைக்க ஒரு நல்ல மழை போதும். ஆனால் விரிஞ்சிபுரம் பக்கத்துச் செம்மண் மேட்டு நிலங்களில் அந்த ஈரம் சில நாட்களே நிற்கும். அப்போது பார்த்துப் பழைய சிறிய டிராக்டர் மக்கர் செய்தால் பருவம் தவறிவிடும். ஊரே உழும் நேரத்தில் வாடகை வண்டியும் கிடைக்காது. இதற்காக உடனே டீசல் பம்பைக் கழற்றிச் செலவு செய்ய வேண்டாம். கீழ்க்கண்ட வரிசைப்படி சோதித்துப் பாருங்கள்.

டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. சிலிண்டரில் காற்று அழுத்தப்படும்போது உண்டாகும் சூட்டிலேயே டீசல் எரிகிறது. எனவே வேகமான சுழற்சி, டீசல், காற்று, அழுத்தம் ஆகிய நான்கும் தேவை. எது குறைகிறது என்பதைப் புகையே காட்டிக்கொடுக்கும். முதலில் கியரை நியூட்ரலில் வைத்து, பிரேக்கைப் போட்டுக்கொள்ளவும்.

செல்ப் மெதுவாகச் சுற்றினால்: விளக்கைப் போட்டுக்கொண்டு செல்ப் அடிக்கவும். விளக்கு மிகவும் மங்கினால் பாட்டரியையும் அதன் இணைப்புகளையும் கவனிக்க வேண்டும். பூத்துப்போன டெர்மினல்களை வெந்நீரும் சமையல் சோடாவும் கொண்டு கழுவி, இறுக்கி, வாசலின் தடவவும். எர்த் வயரையும் அவ்வாறே சுத்தம் செய்யவும்.

நன்றாகச் சுற்றியும் புகையே வராவிட்டால்: டீசல் போகவில்லை. நிறுத்தும் குமிழ் இழுத்தபடியே இருக்கிறதா, டாங்கிக் குழாய் மூடியிருக்கிறதா, பில்டர் அடைத்திருக்கிறதா என்று பார்க்கவும். ஏர் பிடித்திருந்தால், பில்டரின் மேல் திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அடிக்கவும். குமிழி நின்று டீசல் மட்டும் வந்ததும் திருகை இறுக்கவும். நாசிலிலிருந்து பீறிடும் டீசலுக்கு எதிரே கையை நீட்டக் கூடாது. அது தோலைத் துளைத்துவிடும்.

டீசல் வாடையுடன் வெள்ளைப் புகை வந்தால்: டீசல் போகிறது, சூடு போதவில்லை. மார்கழிக் குளிரில் இது அதிகம். ஹீட்டர் பிளக் உள்ள வண்டியில் 15 முதல் 20 விநாடி சூடேற்றிய பிறகு செல்ப் அடிக்கவும். ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்துவந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்கலாம்.

கரும்புகை வந்தால்: காற்று போதவில்லை. ஏர் கிளீனரைச் சுத்தம் செய்து எண்ணெய் மாற்றவும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும், தள்ளினால் மட்டுமே வண்டி கிளம்பி, ஆயில் ஊற்றும் வாயிலும் புகை வந்தால், ரிங் அல்லது லைனர் தேய்ந்திருக்கலாம். அப்போதுதான் மெக்கானிக்கிடம் பெரிய வேலையைப் பற்றிப் பேச வேண்டும்.

செல்ப்பைப் பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து அடிக்காமல், ஒரு நிமிடம் ஓய்வு கொடுக்கவும். பெட்ரோல் துணியைக் காற்று வாயில் காட்டிக் கிளப்பும் பழக்கம் பிஸ்டனுக்கும் ஆபத்து, ஆளுக்கும் ஆபத்து.

மாலையில் வேலை முடிந்ததும் டாங்கியை நிரப்பி வைத்தால் இரவில் உள்ளே நீர் கோர்க்காது. பில்டர் கிண்ணத்தில் தங்கிய நீரை அவ்வப்போது வடித்துவிடுவதும் நல்லது. மழை வரும் முன்பே இந்தச் சோதனைகளை முடித்து வைத்தால், ஈரம் காயும் முன் ஏர் ஓட்டலாம்.