உங்கள் பொழுதுபோக்கு என்ன? - ஆங்கிலப் பேச்சுப் பரீட்சைக்கு ஒரு பாடம்



பரீட்சை அறையிலே பல பிள்ளைகளை வாயடைக்கச் செய்யும் ஒரு சிறு கேள்வி உண்டு. "வட் டு யூ லைக் டூயிங் இன் யுவர் ஃப்ரீ ரைம்?" ஓய்வு நேரத்தில் என்ன செய்ய விரும்புவீர்கள் என்பதே அதன் பொருள். இலக்கணத்தில் நல்ல புள்ளி எடுத்த பிள்ளைகூட இதற்குத் தடுமாறுவதுண்டு. ஏன் என்று பார்ப்போம்.

பனிச்சங்கேணியில் ஒரு தம்பி இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். உயர்தரம் முடித்துவிட்டான். வெளிநாட்டில் படிக்க இடம் தேடுகிறான். பரீட்சைக் கட்டணத்துக்காக அம்மா சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறார். அவனும் ஒரு வழிகாட்டிப் புத்தகத்தில் இருந்த விடையை நெட்டுருப் பண்ணிக்கொண்டு போகிறான். "மை ஹொபி இஸ் கலெக்ரிங் ஸ்ராம்ப்ஸ்" என்று தொடங்கி நாலு வரி தங்குதடையின்றி வருகிறது. பரீட்சகர் புன்னகையுடன் அடுத்த கேள்வியைக் கேட்கிறார்: "உங்களிடம் இருப்பதில் உங்களுக்கு மிகவும் பிடித்த முத்திரை எது?" தம்பிக்கு வியர்க்கிறது. அவன் ஒரு முத்திரைத் தொகுப்பையும் கண்ணால் கண்டதில்லை.

இங்கே பிழைத்தது ஆங்கிலம் அல்ல. தன் வாழ்க்கையில் சொல்லத்தக்கது ஒன்றும் இல்லை என்று அவன் எண்ணினானே, அதுதான் பிழை.

பரீட்சையின் அமைப்பு

நம் பிள்ளைகளிற் பலர் எழுதுவது ஐ.ஈ.எல்.ரி.எஸ். பரீட்சை. அது 1989இல் தொடங்கியது. அதன் பேச்சுப் பகுதி 11 முதல் 14 நிமிடம் வரை நடக்கும். ஒரு பரீட்சகர், ஒரு மாணவர். பேச்சு முழுவதும் ஒலிப்பதிவு செய்யப்படும்.

முதற் பகுதி 4 முதல் 5 நிமிடம். ஊர், வீடு, படிப்பு, பொழுதுபோக்கு போன்ற பழகிய விடயங்கள் கேட்கப்படும். இரண்டாம் பகுதியில் ஒரு சீட்டுத் தருவார்கள். ஒரு நிமிடம் ஆயத்தம் செய்யலாம். குறிப்பெழுதக் கடதாசியும் பென்சிலும் கிடைக்கும். பின்பு ஒரு நிமிடம் முதல் இரண்டு நிமிடம் வரை தனியே பேசவேண்டும். மூன்றாம் பகுதி 4 முதல் 5 நிமிடம். அதே விடயம் பற்றிப் பொதுவான கேள்விகள் வரும்.

புள்ளி நான்கு அம்சங்களுக்குச் சமமாகப் பகிரப்படுகிறது: தடையின்றித் தொடர்பாகப் பேசுதல், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. பொழுதுபோக்கு உயர்ந்ததா தாழ்ந்ததா என்பதற்கு அங்கே புள்ளி இல்லை. பியானோ வாசிப்பவருக்கும் நண்டு பிடிப்பவருக்கும் ஒரே அளவுகோல்தான். மனப்பாடம் செய்த சொற்றொடர்களில் தங்கியிருப்பதோ தாழ்ந்த நிலையின் அடையாளம் என்று புள்ளித் திட்டத்திலேயே கூறப்பட்டுள்ளது.

தொழிலும் பொழுதுபோக்கும்

"எங்களுக்கு ஏது பொழுதுபோக்கு? நேரமே இல்லையே" என்று சில பெற்றோர் சொல்லக்கூடும். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலையையும், 2006, 2007 ஆண்டுகளில் போரையும் இடப்பெயர்வையும் கண்ட வாகரைக் கரை இது. அந்தத் தலைமுறைக்கு இச்சொல் அந்நியமாகப் படுவதில் வியப்பில்லை.

ஆயினும் சற்று யோசியுங்கள். அப்பா விடியற்காலையில் களப்பில் வலை வீசுவது தொழில். சனிக்கிழமை பின்னேரம், படித்துக் களைத்த மகன் அப்பப்பாவுடன் கரையோரம் போய், இடுப்பளவு தண்ணீரில் நின்று வீச்சுவலை எறிந்து பழகுவது பொழுதுபோக்கு. வலை ஒன்றுதான், மனம் வேறு. அம்மம்மாவின் அருகே இருந்து பனையோலையில் பெட்டி இழைக்கும் தங்கச்சிக்கும், முற்றத்தில் கத்தரியும் மிளகாயும் நட்டுப் பார்க்கும் பிள்ளைக்கும் பொழுதுபோக்கு இருக்கிறது. அதற்கு அந்தப் பெயர் இருப்பது மட்டும் அவர்களுக்குத் தெரியவில்லை.

உண்மையாகவே நேரம் இல்லையென்றால் அதையே சொல்லலாம். "ரு பி ஒனஸ்ற், ஐ டோன்ற் ஹாவ் மச் ஃப்ரீ ரைம், பட் ஒன் சற்றர்டேஸ் ஐ கோ ஃபிஷிங் வித் மை கிரான்ட்ஃபாதர்." நேரம் குறைவுதான், ஆனால் சனிக்கிழமைகளில் அப்பப்பாவுடன் மீன்பிடிக்கப் போவேன் என்பது இதன் கருத்து. இது நல்ல விடை. அடுத்த கேள்வி எதுவானாலும் பயமில்லை, நடந்ததைத்தானே சொல்லப்போகிறீர்கள்!

விடையைக் கட்டும் முறை

முதற் பகுதியில் ஒரு சொல்லில் விடை சொல்லி நிறுத்தாதீர்கள். நீண்ட பிரசங்கமும் வேண்டாம். இரண்டு முதல் நான்கு வாக்கியம் போதும். என்ன செய்கிறேன், எப்போது, யாருடன், ஏன் பிடிக்கும் என்ற ஒழுங்கை மனத்தில் வைத்திருங்கள்.

இரண்டாம் பகுதியில் இவற்றோடு ஒரு நாளின் கதையைச் சேருங்கள். "ஒருநாள் வலையில் மீனுக்குப் பதில் பெரிய நண்டு ஒன்று வந்தது, விரலைக் கவ்விப் பிடித்தது, அப்பப்பா சிரித்தார்" என்ற சிறு சம்பவமே அரை நிமிடத்தை நிரப்பிவிடும். இறந்தகால வினைகளை அறிந்திருக்கிறீர்கள் என்பதையும் அது காட்டும். இங்கே ஒரு கவனம்: "கச்" என்ற வினையின் இறந்தகாலம் "கோற்" என்பதே. "கச்ட்" என்று ஒரு சொல் ஆங்கிலத்தில் இல்லை.

அடிக்கடி வரும் பிழைகள்

கீழ்வரும் வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். நீங்கள் கொப்பியில் ஆங்கில எழுத்தில் எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

1. "என்ஜோய்" என்ற வினைக்குப் பின் "இங்" வடிவம் வரவேண்டும். "ஐ என்ஜோய் ஃபிஷிங்" என்பது சரி. "ஐ என்ஜோய் ரு ஃபிஷ்" என்பது பிழை. "லைக்" என்பதற்குப் பின் இரண்டும் வரலாம்.

2. தமிழில் "பத்து வருடமாகச் செய்கிறேன்" என்று நிகழ்காலத்தில் சொல்கிறோம். அதை அப்படியே மாற்றி "ஐ ஆம் டூயிங் திஸ் சின்ஸ் ரென் இயேர்ஸ்" என்பது நம்மவரின் பொதுப்பிழை. "ஐ ஹாவ் பீன் டூயிங் திஸ் ஃபோர் ரென் இயேர்ஸ்" என்று சொல்லவேண்டும். கால அளவுக்கு "ஃபோர்". தொடங்கிய நேரத்துக்கு "சின்ஸ்". எனவே "ஃபோர் ரென் இயேர்ஸ்", ஆனால் "சின்ஸ் 2015".

3. முன்பு செய்து இப்போது விட்டுவிட்டதை "யூஸ்ட் ரு" என்று சொல்லலாம். "ஐ யூஸ்ட் ரு பிளே வொலிபோல்" என்றால் முன்பு கரப்பந்தாட்டம் ஆடினேன், இப்போது ஆடுவதில்லை என்பது பொருள். "ஐ ஆம் யூஸ்ட் ரு வேக்கிங் அப் ஏர்லி" என்பது வேறு. விடியற்காலையில் எழும்புவது எனக்குப் பழகிப்போயிற்று என்பது அதன் கருத்து. ஒரு சிறு "ஆம்" பொருளையே மாற்றிவிடுகிறது.

4. பந்து விளையாட்டுகளுக்குப் "பிளே" வரும். மீன்பிடித்தல், நீந்துதல் முதலியவற்றுக்குக் "கோ" வரும்: "கோ ஃபிஷிங்", "கோ சுவிமிங்". "பிளே சுவிமிங்" என்று சொல்லக்கூடாது. தோட்ட வேலைக்கு "டூ": "ஐ டூ சம் கார்டனிங்".

5. தமிழ் நாவுக்கு "ஃப" ஒலி எளிதில் "ப" ஆகிவிடும். மேற்பல்லைக் கீழுதட்டில் மெல்ல வைத்துக் காற்றை விடுங்கள். "ஃபிஷ்" சரியாக வரும். அழுத்தத்தையும் கவனியுங்கள். "ஃபோட்டோகிராஃப்" என்பதில் முதல் அசையில் அழுத்தம். "ஃபொட்டோக்ரஃபி" என்பதில் இரண்டாவது அசையில். தமிழ்ச் சாயலில் பேசுவது குற்றமல்ல. கேட்பவருக்கு விளங்கவேண்டும், அவ்வளவுதான்.

நம் சொல்லுக்கு ஆங்கிலம் இல்லாதபோது

கூத்தாடுபவர் "கூத்து" என்பதற்கு ஆங்கிலச் சொல் தேடித் திண்டாடவேண்டாம். பெயரைத் தமிழிலேயே சொல்லி, உடனே விளக்குங்கள். "வீ கோல் இற் கூத்து. இற் இஸ் எ ஃபோக் டிராமா வித் சிங்கிங் அன்ட் டான்சிங்." மட்டக்களப்பில் வடமோடி, தென்மோடி என இருவகை உண்டு, அண்ணாவியார் பல மாதம் பழக்குவார், மத்தளத்துக்கு ஏற்ப ஆடவேண்டும் என்று தொடர்ந்தால் பேச்சு தானாக நீளும். தெரியாத சொல்லைத் தெரிந்த சொற்களால் சுற்றிச் சொல்லும் இத்திறனுக்குச் சொல்வளப் பகுதியில் மதிப்பு உண்டு.

இதற்கு நம்மூரிலேயே ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. மட்டக்களப்பு வாவியின் "பாடும் மீன்" ஓசையை, இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ற் 1848இல் இங்கே வந்தபோது கேட்டார். அதைக் கேட்டிராத தம் நாட்டு வாசகருக்கு எப்படி விளக்குவது? கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பை ஈரவிரலால் தேய்க்கும்போது எழும் மெல்லிய அதிர்வுக்கு அவர் அதை ஒப்பிட்டார். கேட்பவர் அறிந்த பொருளைக் கொண்டு அறியாததைக் காட்டினார். நீங்களும் அப்படியே செய்யுங்கள். வீச்சுவலையை விளக்க, அது காற்றில் குடைபோல வட்டமாக விரிகிறது என்று சொல்லுங்கள்: "இற் ஓப்பின்ஸ் லைக் அன் அம்பிரெல்லா." பரீட்சகரின் கண்முன் வலை விரிந்துவிடும்.

மூன்றாம் பகுதி

"பொழுதுபோக்குகள் அக்காலத்திலிருந்து எவ்வாறு மாறியுள்ளன?" என்பது போன்ற கேள்வி இங்கே வரலாம். இதற்கு விடை உங்கள் ஊர்ப் பெயரிலேயே நிற்கிறது. பனிச்சை மரத்தின் காயைப் பிழிந்து, அதன் துவர்ச் சாற்றில் பருத்தி நூல் வலைகளைத் தோய்த்து உரமேற்றினார்கள் முன்னோர். நைலோன் வலை வந்தபின் அந்த வேலை அருகிப்போயிற்று. அன்று வலையைச் சுற்றி இருந்து, கதை பேசிக்கொண்டே கை வேலை செய்தார்கள். இன்று அவரவர் கையில் அவரவர் தொலைபேசி. எது நன்று, எது இழப்பு? காரணத்தோடு உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். சரியான கருத்து, பிழையான கருத்து என்று அங்கே இல்லை.

கேள்வி விளங்காவிட்டால் மௌனமாக இருக்கவேண்டாம். "குட் யூ ரிபீற் தற், பிளீஸ்?" என்று மரியாதையாகக் கேளுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

பல பல்கலைக்கழகங்கள் 9இல் 6 அல்லது 6.5 கேட்கின்றன. அரைப் புள்ளியில் ஓர் ஆண்டு பின்போகலாம். ஆகவே பிள்ளையின் பயம் வீண் பயமல்ல. உங்களுக்கு ஆங்கிலம் தெரியாதிருக்கலாம்; ஆனாலும் உதவி செய்ய முடியும். இராச் சாப்பாட்டுக்குப் பின் பிள்ளையை இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் பேசச் சொல்லி, மணிக்கூட்டைப் பார்த்திருங்கள். இடையில் நின்றால், "பிறகு என்ன நடந்தது?" என்று தமிழிலேயே கேளுங்கள். அப்பப்பாவையும் அருகில் இருத்துங்கள். வலை பற்றிய விபரம் அவரிடம்தானே இருக்கிறது.

"வலை வீசுகிறோம் என்று வெளிநாட்டாரிடம் சொல்லாதே, வெட்கம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த ஒரு சொல் பிள்ளையின் நாவைக் கட்டிவிடும். வீட்டைப் பற்றி வெட்கப்படும் பிள்ளையிடம் சரளமான பேச்சை எந்த மொழியிலும் எதிர்பார்க்க முடியாது.

பயிற்சி

1. நீங்கள் விரும்பிச் செய்யும் மூன்று காரியங்களை எழுதுங்கள். அவற்றில் அதிகம் பேசக்கூடியது எது?

2. அதைப் பற்றி "ஃபோர்", "சின்ஸ்", "யூஸ்ட் ரு" ஒவ்வொன்றும் வர மூன்று ஆங்கில வாக்கியங்கள் அமையுங்கள்.

3. ஆங்கிலத்தில் பெயரில்லாத ஒரு பொருளை மூன்று வாக்கியங்களில் விளக்குங்கள்: வீச்சுவலை, கடகம், மத்தளம்.

4. ஒரு நிமிடம் குறிப்பெழுதி, இரண்டு நிமிடம் பேசுங்கள். தொலைபேசியில் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள். மறுநாள் குறிப்பைப் பாராமல் மீண்டும் பேசுங்கள். சொற்கள் மாறினால் நல்லது. நெட்டுருவை விட்டுப் பேசத் தொடங்கிவிட்டீர்கள் என்பதே அதன் அர்த்தம்.